பெயருக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு: டிஃபனி–காஸ்ட்கோ வழக்கின் வழியே வைர நிச்சயதார்த்த மோதிரம்

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று, டிஃபனி அண்ட் கோ. நிறுவனம் நியூயார்க்கின் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் காஸ்ட்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வழக்குத் தொடுத்த நிறுவனம் 1837-இல் தொடங்கப்பட்டது. வைர நிச்சயதார்த்த மோதிரம் என்றதும் அமெரிக்கர் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் அதனுடையது. எதிர்த்தரப்பு, உறுப்பினர் அட்டை வைத்திருப்போருக்குச் சலவைத்தூள் முதல் கார் டயர் வரை குறைந்த லாபத்தில் விற்கும் கிடங்குக் கடை. வழக்குக்குக் காதலர் தினத்தைத் தேர்ந்தது தற்செயல் என்று நம்புவதற்கு நான் தயாராக இல்லை.

இந்த வழக்கு வணிகச் சின்னச் சட்டம் பயில்வோருக்கு உரியது என்றுதான் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் வைர மோதிரம் வாங்க நினைக்கும் எவருக்கும் அது பயன்படும் என்பது என் கருத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே பொருளாகத் தெரிகிற மோதிரம் உண்மையில் கல், வடிவம், சான்று, பெயர் ஆகிய நான்கும் சேர்ந்தது. விலைச்சீட்டிலோ நான்குக்கும் சேர்த்து ஒரே தொகைதான் இருக்கும். எட்டு ஆண்டுகள் நீண்ட இந்த வழக்கில், அந்த நான்கில் எது எதற்காக மக்கள் பணம் கொடுத்தார்கள் என்பதை இரு தரப்பும் நீதிமன்றத்தில் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. கடையில் நிற்கும்போது வாங்குபவர் தாமே செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

வழக்கு நடந்த விதம்

2012 நவம்பரில், கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச் நகரிலுள்ள காஸ்ட்கோ கடைக்குச் சென்ற ஒருவர், அங்கே டிஃபனி மோதிரங்கள் விற்கப்படுவதைக் கண்டு ஏமாற்றமடைந்ததாக டிஃபனி நிறுவனத்துக்குத் தெரிவித்தார். நிறுவனம் விசாரித்தபோது, மோதிரங்களுக்கு அருகே வைக்கப்பட்டிருந்த விலைச்சீட்டுகளில் உலோகம், எடை, தெளிவுத் தரம் ஆகியவற்றோடு ‘டிஃபனி’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தது தெரியவந்தது. அந்த மோதிரங்கள் டிஃபனி செய்தவை அல்ல. காஸ்ட்கோவுக்கு நகை செய்து தரும் வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்தவை. டிஃபனியின் புகழ்பெற்ற நீலப் பெட்டியும் அவற்றுக்குக் கிடையாது.

காஸ்ட்கோவின் மறுமொழி எளிமையானது. மெல்லிய பிடிகளால் கல்லை வளையத்துக்கு மேலே உயர்த்தி நிறுத்தும் அமைப்பை நகைத் தொழிலில் பல காலமாகவே ‘டிஃபனி அமைப்பு’ என்று சொல்லிவருகிறார்கள். விலைச்சீட்டில் அந்தச் சொல் மோதிரத்தின் பாணியைக் குறிப்பதற்காக எழுதப்பட்டதே அன்றி, யார் செய்தார் என்பதைக் குறிப்பதற்காக அல்ல என்று அது வாதிட்டது. அகராதிகளையும் தொழில்முறை எழுத்துகளையும் சான்றாகக் காட்டியது. அத்துடன், டிஃபனி முறையிட்டதை அடுத்து அந்தச் சொல்லை விலைச்சீட்டுகளிலிருந்து நீக்கியது. ஏற்கெனவே மோதிரம் வாங்கியவர்களுக்கு, மனநிறைவு இல்லையென்றால் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று கடிதமும் அனுப்பியது.

2015 செப்டம்பரில் நீதிபதி லாரா டெய்லர் ஸ்வெய்ன், நடுவர் குழுவின் (ஜூரி) விசாரணை தேவையில்லை என்னும் அளவுக்கு வழக்கு தெளிவாக இருப்பதாகக் கருதி டிஃபனிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். வாங்கக்கூடியவர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் குழம்ப வாய்ப்புண்டு என்று டிஃபனி தரப்பு நடத்திய கருத்தாய்வு முக்கியச் சான்றுகளுள் ஒன்றாக இருந்தது. இழப்பீட்டை முடிவு செய்யக் கூட்டப்பட்ட நடுவர் குழு, 2016-இல் லாபத்துக்காக 55 லட்சம் டாலரும் தண்டனைத் தொகையாக 82.5 லட்சம் டாலரும் வழங்கலாம் என்றது. 2017 ஆகஸ்டில் நீதிபதி, காஸ்ட்கோவின் லாபத்தை 37 லட்சம் டாலர் என்று கணக்கிட்டு, அதை மூன்று மடங்காக்கி, தண்டனைத் தொகையையும் சேர்த்து 1.9 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி ஆணையிட்டார். வட்டியைச் சேர்த்தால் தொகை 2.1 கோடி டாலரைத் தாண்டியது.

இத்துடன் முடிந்திருந்தால் வாங்குபவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. 2020 ஆகஸ்டில் நியூயார்க் பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை முழு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. நியாயமான ஒரு நடுவர் குழு, காஸ்ட்கோவின் வாடிக்கையாளர்கள் குழம்பவில்லை என்றும் முடிவுக்கு வரக்கூடும் என்பது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கருத்து. ஒரே சொல் ஒரு நிறுவனத்தின் பெயராகவும் ஒரு பாணியின் பெயராகவும் ஒருங்கே இருக்க இயலும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. வைர நிச்சயதார்த்த மோதிரம் வாங்குவோர் பொதுவாகப் படித்து, விசாரித்து, கவனத்தோடு வாங்குபவர்கள் என்ற காஸ்ட்கோவின் வாதத்துக்கும் அது எடை கொடுத்தது. மறு விசாரணை நடக்கவில்லை. 2021-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

ஆக, வாங்குபவர் கவனமானவரா, பெயரைக் கண்டதும் மயங்குபவரா என்ற கேள்விக்கு ஒரு நீதிபதி ஒரு விடையும், மேல்முறையீட்டு அமர்வு வேறொரு விடையும் தந்தன. எனக்குத் தெரிந்தவரை இரண்டுமே சரி. ஒரே மனிதர் ஒரு வாரம் முழுதும் தரப் பட்டியல்களைப் படித்துவிட்டு, கடைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் அத்தனையையும் மறந்துவிடுவது நடக்கிறது.

வடிவம் விற்பனைக்கு இல்லை

1886-இல் டிஃபனி அறிமுகப்படுத்திய ஆறு பிடி அமைப்பு, அதற்கு முன் வழக்கில் இருந்த அமைப்புகளிலிருந்து வேறுபட்டது. உலோகத்துக்குள் கல்லைப் புதைத்து அடைக்காமல், வளையத்துக்கு மேலே தூக்கி நிறுத்தியதால், பக்கவாட்டிலும் அடியிலும் வெளிச்சம் புகுந்து கல் கூடுதலாக ஒளிர்ந்தது. நல்ல யோசனை, அதனாலேயே உலகெங்கும் எல்லோரும் அதைச் செய்தார்கள். அந்தப் பெயரை வைத்து வழக்காடலாம். ஆறு மெல்லிய பிடிகளால் ஒற்றைக் கல்லைத் தூக்கி நிறுத்துவதை இன்று எவராலும் தடுக்க முடியாது.

வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் முதல் தெளிவு இதுதான்: புகழ்பெற்ற அந்த வடிவம் வேண்டும் என்பதற்காக மட்டும் கூடுதல் தொகை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பதால் வேலைப்பாடும் ஒன்றாகிவிடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால், ஆறு பிடிகளும் ஒரே அளவில் உள்ளனவா, ஒவ்வொன்றும் கல்லின் விளிம்பில் இடைவெளியின்றிப் படிந்துள்ளதா, கல் ஒரு பக்கம் சாயாமல் நிற்கிறதா, பிடிகளின் நுனி துணி நூலை இழுக்காதபடி மழுங்கத் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெயர்பெற்ற நிறுவனங்களின் மோதிரங்கள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. நல்ல பட்டறையில் செய்த பெயரில்லா மோதிரமும் தேறும். மலிவாக வார்த்தெடுத்த மோதிரம் தேறாது. வேலைப்பாட்டுக்கு விலை உண்டு. அது பெயரின் விலையல்ல, கைத்திறனின் விலை. கணக்குப் போடும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

கல்லும் அதன் சான்றும்

மோதிரத்தின் விலையில் பெரும்பங்கு கல்லினுடையது. பெயரோடும் பெயரின்றியும் ஒப்பிடத்தக்க பகுதியும் அதுவே. அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. என்ற ரத்தினவியல் கழகம் 1931-இல் தொடங்கப்பட்டு, 1950-களில் வைரத் தரச் சான்றுகளை வழங்கத் தொடங்கியபோது உருவாக்கிய அளவுகோல்தான் இன்றுவரை உலகெங்கும் வழங்குகிறது. எடை காரட்டில், ஒரு காரட் 0.2 கிராம். நிறம், நிறமற்ற டி-யில் தொடங்கி மஞ்சள் சாயலுடைய இசட் வரை. தெளிவு, குறையே இல்லாத நிலையிலிருந்து வெறுங்கண்ணுக்கே குறை தெரியும் நிலை வரை பதினொரு படிகள். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைப் பெயரிட்டு வகுத்த மரபு தமிழிலும் உண்டு. கல்லின் குறையைத் தேடி விலை பேசுவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. நான்காவது அளவு, பட்டை தீட்டியதன் தரம். வட்டக் கற்களுக்கு அதற்கும் தனித் தரம் 2006 முதல் ஜி.ஐ.ஏ. சான்றில் வருகிறது.

இந்த நான்கில் கண்ணுக்கு அதிகம் தெரிவது பட்டை தீட்டல். கடைகளில் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். கல்லின் ஆழமும் கோணங்களும் சரியாக அமையாவிட்டால், மேலிருந்து புகும் ஒளி அடிவழியாகவோ பக்கவாட்டிலோ கசிந்துவிடும். எடை கூடியிருந்தும் கல் மந்தமாகத் தெரியும். மாறாக எடை, நிறம், தெளிவு ஆகியவற்றில் விலையை ஏற்றும் பல படிகளை மோதிரத்தில் பதித்த பின் எவராலும் கண்டுகொள்ள முடியாது. ஜி நிறக் கல்லையும் எஃப் நிறக் கல்லையும் மேற்புறமாகப் பார்த்துப் பிரித்தறிவது பயிற்சி பெற்ற கண்ணுக்கே கடினம். மஞ்சள் தங்க வளையத்தில் ஐ நிறக் கல்கூட வெண்மையாகவே தெரியும்.

எடையில் இன்னொரு விந்தை இருக்கிறது. மொத்த வணிகத்தில் வைரத்தின் விலை எடைப் பிரிவுகளாக வகுக்கப்படுகிறது, 0.90 முதல் 0.99 வரை ஒரு பிரிவு, 1.00-இல் தொடங்கி அடுத்தது. பிரிவு மாறும் இடத்தில் காரட்டுக்கான விலை சட்டென்று ஏறுகிறது. நன்கு பட்டை தீட்டிய ஒரு காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மி.மீ.; 0.90 காரட் கல்லுக்குச் சுமார் 6.3 மி.மீ. இந்த 0.2 மி.மீ. வேறுபாட்டை விரலில் எவரும் அளந்து பார்ப்பதில்லை. ‘ஒரு காரட்’ என்ற சொல்லுக்குத்தான் அந்தக் கூடுதல் தொகை போகிறது. பிராண்டுப் பெயருக்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று உறுதியாக இருப்பவர்கள்கூட, இந்த முழு எண்ணுக்குத் தயங்காமல் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு பெயர்தான்.

பெயர்பெற்ற கடையின் மோதிரத்தையும் பெயரில்லாத மோதிரத்தையும் சான்றில் உள்ள தரங்களை மட்டும் வைத்து ஒப்பிட்டு, மிச்சமெல்லாம் பெயரின் விலை என்று முடிவு கட்டுவது பரவலாக நடக்கிறது. அது பாதி உண்மை. சான்றில் ஒரே தரம் பெற்ற இரண்டு கற்கள் ஒரே கல் அல்ல. தெளிவில் வி.எஸ்.2 என்ற நடுப்படி பெற்ற கல் ஒன்றில் கருநிறப் புள்ளி, ‘மேசை’ எனப்படும் மேற்புறத் தட்டை முகத்தின் நடுவுக்கு நேர் கீழே இருக்கலாம். அதே தரமுடைய இன்னொன்றில் நிறமற்ற கீற்று ஒன்று விளிம்பருகே, பிடியால் மறைந்துபோகும் இடத்தில் இருக்கலாம். பட்டை தீட்டலில் ‘மிகச் சிறந்தது’ என்ற ஒரே தரத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியும் ஏற்றத்தாழ்வு உண்டு. பெரிய நிறுவனங்கள் சான்றைப் பாராமல் கல்லைப் பார்த்து, இத்தகையவற்றை முன்கூட்டியே கழித்துவிடுகின்றன. அந்தக் கழித்தலைத் தாமே செய்யப் பொறுமையும் ஆர்வமும் உள்ளவருக்கு அதற்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கற்களை வரிசையாக வைத்துப் பார்க்கவே பிடிக்காதவர் அந்தச் சேவைக்குப் பணம் கொடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சான்றை எழுதியவர் யார் என்பதும் பார்க்கத்தக்கது. தனிச் சோதனைக்கூடம் எழுதினால், கல்லை விற்பதில் அதற்கு நேரடி ஆதாயம் இல்லை. டிஃபனி போன்ற நிறுவனம் தன் கற்களைத் தன் சொந்தச் சோதனைக்கூடத்திலேயே தரம் பிரிக்கும்போது, விற்பவரும் மதிப்பிடுபவரும் ஒருவரே. நீண்ட காலப் புகழைப் பணயம் வைத்து எவரும் தரத்தை உயர்த்தி எழுத மாட்டார்கள் என்ற நம்பிக்கை நியாயமானதுதான். எனினும் அது நம்பிக்கை. தனிச் சான்றைப் போல வேறு கடையின் கல்லோடு வரிக்கு வரி ஒப்பிட உதவாது. மறுபுறம், தனிச் சோதனைக்கூடம் என்பதாலேயே எல்லாச் சான்றும் ஒரே தரத்தினது என்றும் எண்ணக் கூடாது. 2014-இல் ராப்நெட் என்ற வைர வணிகத் தளம், ஈ.ஜி.எல். என்ற பெயரில் வந்த சான்றுகளோடு கற்களைப் பட்டியலிடுவதையே நிறுத்தியது. அவற்றில் தரங்கள் தளர்வாக எழுதப்பட்டன என்பதே காரணம். அத்தகைய சான்றை நம்பி, ‘அதே தரம், பாதி விலை’ என்று மகிழ்ந்து வாங்கியவருக்குக் கிடைத்தது குறைந்த தரக் கல், அதற்குரிய விலையில். மலிவு என்று எதுவும் அங்கே நிகழவில்லை.

பெயர் எதற்காக விலை கேட்கிறது

கல்லையும் வேலைப்பாட்டையும் கழித்த பிறகு மிஞ்சுவது பெயர். அதை வெறும் மாயை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. முதலில், பெயரின் விலைக்குள் சில உண்மையான சேவைகள் அடங்கியிருக்கின்றன: அளவு மாற்றித் தருதல், மெருகேற்றுதல், பிடிகளைச் சோதித்து இறுக்கித் தருதல், பல நகரங்களில் இவற்றைச் செய்துகொள்ளும் வசதி. மோதிரம் பல பத்தாண்டுகள் அணியப்படும் பொருள் என்பதால் இவை சிறிய விஷயமல்ல. இரண்டாவதாக, தவறு நேர்ந்தால் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்விக்குப் பெயருள்ள நிறுவனத்திடம் தெளிவான விடை இருக்கிறது; பத்தாண்டு கழித்தும் கடை இருக்குமா என்ற ஐயம் பெரும்பாலும் எழாது.

பெயரை இகழ்பவர்கள் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. பெயரில்லாத வைரமும் விளம்பரத்தின் பிள்ளைதான். வைரச் சுரங்க நிறுவனமான டி பீர்ஸுக்காக என்.டபிள்யூ. அயர் விளம்பர நிறுவனம் 1930-களின் இறுதியில் தொடங்கிய பிரசாரமும், அங்கே பணியாற்றிய ஃபிரான்சஸ் கெரெட்டி 1947-இல் எழுதிய ‘வைரம் என்றென்றைக்கும்’ என்ற பொருள்தரும் வாசகமும், நிச்சயதார்த்தத்துக்கு வைரம்தான் என்ற எண்ணத்தையே பரப்பின. அந்த விளம்பரங்கள் எந்தக் கடையின் பெயரையும் விற்கவில்லை. பொருளின் வகையையே விற்றன. ஆகவே, கடையின் பெயருக்குப் பணம் கொடுக்காமல் தப்பித்தவர், வைரத்தின் பெயருக்குக் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்வது எவரையும் குற்றப்படுத்துவதற்காக அல்ல. பெயர் ஒரு பக்கம், ‘உண்மையான மதிப்பு’ மறுபக்கம் என்று கோடு போடுவது தோன்றும் அளவுக்கு எளிதல்ல என்பதற்காகவே.

கணக்கைத் தாளில் எழுதிப் பார்ப்பது உதவும். பெயருள்ள மோதிரம் ஒன்றின் கல்லுக்கு எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டல் ஆகிய நான்கிலும் இணையான, தனிச் சான்றுடைய கல்லை, அதே உலோகத்தில் அதே அமைப்பில் நல்ல பட்டறையில் பதித்துத் தர என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, அதை 100 அலகு என்று கொள்ளலாம். பெயருள்ள மோதிரம் 160 அலகு என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 60. அதில் கல்லைத் தேர்ந்து தரும் உழைப்புக்கும் நுணுக்கமான வேலைப்பாட்டுக்கும் ஒரு பங்கு, பராமரிப்புச் சேவைகளுக்கு ஒரு பங்கு என்று மனச்சான்றோடு கழித்தால், எஞ்சுவது 35 ஆகலாம், 40 ஆகலாம். அதுதான் பெயரின் நிகர விலை. 60 முழுவதும் பெயருக்கே என்று வாதிடுவதும் தவறு. 60-இல் ஒன்றும் பெயருக்கு இல்லை என்று கடைக்காரர் சொல்வதும் தவறு. இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. விகிதம் கடைக்குக் கடை, கல்லுக்குக் கல் வேறுபடும்.

மறுவிற்பனையை இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. பெட்டியும் ஆவணங்களும் உள்ள பெயருள்ள மோதிரத்துக்கு, அதே கல்லுடைய பெயரில்லா மோதிரத்தைவிடப் பழைய நகைச் சந்தையில் கூடுதலாகக் கிடைப்பது வழக்கம். ஆனால் வாங்கும்போது பெயருக்குக் கொடுத்த கூடுதல் தொகை முழுதும் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. கடையை விட்டு வெளியேறியதும் இரு மோதிரங்களின் மதிப்பும் கணிசமாக இறங்கிவிடும், ஏனெனில் திரும்ப வாங்குபவர் மொத்த விலைக்கும் கீழேதான் பேரம் பேசுவார். நிச்சயதார்த்த மோதிரத்தை முதலீடு என்று சொல்லி விற்பவரிடமிருந்து விலகி நடப்பது நல்லது.

ஆய்வகக் கல் வந்த பின்

வழக்கு நடந்த காலத்தில் ஓரத்தில் இருந்த ஒன்று, இப்போது இந்தக் கணக்கையே கலைத்துவிட்டது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரம் வேதியியல் அமைப்பிலும் ஒளியியல் பண்புகளிலும் நிலத்தடி வைரமேதான். 2018-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நகை வணிக வழிகாட்டலில் தந்திருந்த வைரத்துக்கான வரையறையிலிருந்து ‘இயற்கையான’ என்ற சொல்லை நீக்கியது. அதே ஆண்டில் டி பீர்ஸ், லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட்டுக்கு 800 டாலர் என்ற ஒரே விலையில் ஆய்வகக் கற்களை விற்கத் தொடங்கியது. அதன் பின் ஆய்வகக் கற்களின் விலை சரிந்துகொண்டே போயிற்று; 2025-இல் லைட்பாக்ஸை மூடப்போவதாக டி பீர்ஸ் அறிவித்தது. அதே ஆண்டில் ஜி.ஐ.ஏ., ஆய்வகக் கற்களுக்கு நிறத்தையும் தெளிவையும் படிப்படியாகத் தரம் பிரிக்கும் முறையைக் கைவிட்டு, அவற்றை இரண்டே வகையாகப் பிரிக்கும் முறைக்கு மாறுவதாகவும் அறிவித்தது.

கல்லின் விலை சரிந்தால், மோதிரத்தின் விலையில் பெயரின் பங்கு தானாகவே பெருகிவிடும். மலிவான ஆய்வகக் கல்லைப் பெயர்பெற்ற கடையில் பெரும் விலைக்கு வாங்குபவர், தொகையின் மிகப் பெரும்பகுதியைப் பெயருக்கும் உலோகத்துக்கும் கொடுக்கிறார். நிலத்தடிக் கல்லில் இந்தச் சமன்பாடு வேறு. ஆகவே, பெயரா மதிப்பா என்ற கேள்விக்கு முன், எந்தக் கல் என்ற கேள்விக்கு விடை கண்டிருக்க வேண்டும். வரிசை மாறினால் குழப்பம்தான்.

சாட்சிக் கூண்டுக்கு வராதவர்

மோதிரம் வாங்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சுற்றியே இந்த வழக்கு சுழன்றது. அந்த மோதிரத்தை விரலில் அணியப்போகிறவர் என்ன நினைத்தார் என்பது வழக்குக்கு மையமாக இருக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் அது சரியாக இருக்கலாம். வாழ்க்கையில், மோதிரத்தின் மதிப்பைப் பெரும்பாலும் முடிவு செய்பவர் அவரே.

விலைச்சீட்டில் ‘டிஃபனி’ என்று கண்டு வாங்கிய ஒருவர், அது பாணியின் பெயர் என்று புரிந்துகொண்டிருக்கலாம். மண்டியிட்டு நீட்டும்போது அவர் என்ன சொன்னார்? ‘டிஃபனி மோதிரம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், கடை அவரிடம் காட்டிய இரட்டை அர்த்தத்தை அவர் தம் வாழ்க்கைத் துணைக்குக் கைமாற்றிவிட்டார். இது நீதிமன்றத்துக்கு உரிய குற்றமல்ல. ஆனால் வெளியில் தெரிந்துவிட்டால் மணவாழ்க்கையில் நெடுநாள் பேசப்படும். பெயரில்லாத மோதிரம் வாங்குவதில் இழுக்கு இல்லை. பெயருள்ளதைப் போல நடிக்க விடுவதில்தான் சிக்கல். இதனாலேயே, வாங்குவதை ரகசியமாக வைத்திருக்க விரும்புபவரும், பெயர் அணியப்போகிறவருக்கு முக்கியமா, கல் பெரிதாக இருக்க வேண்டுமா, நிலத்தடிக் கல்லா ஆய்வகக் கல்லா என்ற மூன்றை மட்டுமாவது முன்கூட்டிப் பேச்சோடு பேச்சாக அறிந்துகொள்வது நல்லது. அணிபவர் அந்த நீலப் பெட்டியைச் சிறுவயது முதல் ஆசையோடு எண்ணியிருந்தால், தாளில் கண்ட அந்த 40 அலகு வீண்செலவல்ல. பெட்டி அவருக்கு ஒரு பொருட்டே இல்லையென்றால், அதே 40 அலகில் வீட்டு முன்பணத்தின் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. இரண்டையும் வெளியார் ஒருவர் எடைபோட இயலாது.

ஊரார் கண்ணுக்காக வாங்குவதைப் பற்றி ஒரு சொல் மட்டும். ஆறு பிடிகளில் நிற்கும் ஒற்றைக் கல்லை எதிரில் இருப்பவர் பார்க்கும்போது, வளையத்தின் உட்புறம் பொறித்த பெயர் அவருக்குத் தெரியாது. பெயர் தெரிய வேண்டுமானால் அதை வாயால்தான் சொல்ல வேண்டும்.

எந்த மோதிரத்தைத் தேர்ந்தாலும், பணம் செலுத்தும் முன் காப்பீட்டு ஒப்பந்தத்தின் சொற்களையும் படித்துவிட வேண்டும். பல காப்பீடுகள், மோதிரம் தொலைந்தால் ‘அதே வகை, அதே தரம்’ உடைய மாற்று மோதிரத்தைத் தருவதாகவோ அதற்கான தொகையைத் தருவதாகவோ மட்டுமே எழுதியிருக்கும். பெயர் அந்தத் தரத்துக்குள் அடங்குமா என்பது சொல்லப்பட்டிருக்காது. பெயருக்காகக் கூடுதல் தொகை கொடுத்தவர், மதிப்பீட்டுச் சான்றில் நிறுவனத்தின் பெயரும், மோதிரத்தின் தொடர் எண் இருந்தால் அதுவும், வாங்கிய ரசீதின் நகலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று சரிபார்த்து, அந்தப் பெயருடைய மோதிரமே மாற்றாகத் தரப்படும் என்று எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பெயரில்லாத மோதிரத்துக்குத் தனிச் சோதனைக்கூடத்தின் சான்றும், கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணும், பதித்த பின் எடுத்த தெளிவான படங்களும் போதும். மதிப்பீட்டுச் சான்றில் விலையை ஏற்றி எழுதித் தருவதாகக் கடைக்காரர் முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்த ஏற்றத்துக்கும் சேர்த்து ஆண்டுதோறும் பிரீமியம் கட்டப்போகிறவர் வாங்கியவர்தான்.